வீடு வாங்குமுன் ஒரு வீட்டுக்கணக்கு



சென்ற மாதம் எங்கள் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நடைபெற்றது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார், மகளின் தேர்ச்சியைப் பற்றிப் பேசி முடித்த பின்னரும் எழுந்திருக்கவில்லை. தயங்கியபடி ஒரு வண்ணக் கையேட்டை மேசைமீது வைத்தார். அவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை ஊழியர். கணவர் லாரி ஓட்டுநர். வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள். ஒரு தங்கும் விடுதியில் நடந்த வீட்டு முதலீட்டுக் கருத்தரங்குக்குச் சென்று வந்திருக்கிறார்கள்.

"வாங்கி வாடகைக்கு விட்டால், வாடகையே வங்கிக் கடனைக் கட்டிவிடும் என்கிறார்கள், ஐயா. மகளின் மேற்படிப்புக்குச் சேர்த்த பணம் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். கட்டலாமா?"

அக்கேள்வி என்னைச் சுட்டது. ஏனெனில், அதே சொற்களை நம்பித்தான் 2003ஆம் ஆண்டில் நானும் ஜெலுத்தோங் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கினேன். வழக்கறிஞர் கட்டணத்தையும் முத்திரை வரியையும் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மனைவியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று. வீடோ ஏழு மாதம் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தது. மாணவர்களுக்குக் கணிதம் போதிக்கும் நான், என் சொந்தக் கணக்கில் தோற்றேன்.

ஆகவே, அன்று அக்கையேட்டின் பின்புறத்திலேயே இருவரும் கணக்குப் போட்டோம். வீட்டின் விலை 300,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 10 விழுக்காட்டுக் கைப்பணம் 30,000 வெள்ளி. சொத்துரிமை மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000 வெள்ளிக்கு 2 விழுக்காடு. ஆக 5,000 வெள்ளி. கடன் ஒப்பந்தத்துக்கு 0.5 விழுக்காடு, அதாவது 1,350 வெள்ளி. முதல் வீடு வாங்குவோருக்கு இவ்வரிகளில் விலக்குக் கிடைப்பதுண்டு. தகுதி உண்டா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டறிய வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் தனி.

இனி மாதக் கணக்கு. 270,000 வெள்ளிக் கடனை 4 விழுக்காட்டு வட்டியில் 30 ஆண்டுகளுக்கு எடுத்தால், தவணை ஏறக்குறைய 1,290 வெள்ளி. பராமரிப்புக் கட்டணம் 200 என்று கொண்டால், ஆண்டுச் செலவு 17,880 வெள்ளி. மாத வாடகை 1,200. ஆண்டில் இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் வரவு 12,000 வெள்ளி. பற்றாக்குறை 5,880! மதிப்பீட்டு வரி, நில வரி, கூரைக் கசிவு ஆகியவற்றை இன்னும் சேர்க்கவில்லை. பொறுக்க முடியாமல் மூன்றாண்டுகளுக்குள் இலாபத்தில் விற்றால், அந்த இலாபத்தில் 30 விழுக்காட்டைச் சொத்து இலாப வரியாகச் செலுத்த வேண்டும். நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு. ஆறாம் ஆண்டிலிருந்துதான் குடிமக்களுக்கு அவ்வரி இல்லை.

அவர் முகம் வாடியது. "அப்படியானால் எங்களைப் போன்றவர்கள் கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருக்க வேண்டுமா, ஐயா?" என்றார்.

இல்லை என்பதே என் விடை. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பள்ளி திறந்தபோது என் வகுப்பில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. லிட்டில் இந்தியா பகுதியில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் குடியிருந்த மாணவனின் நாற்காலி அது. 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டம், 1997இல் நீக்கப்பட்டது. அதற்கான இடைக்காலமும் 1999 டிசம்பர் 31ஆம் நாள் முடிவுற்றது. அத்தகைய கட்டடங்கள் நாட்டிலேயே மிகுதியாக இருந்த நகர் நம் ஜார்ஜ் டவுன். ஏறிய வாடகையைக் கட்ட இயலாமல் அக்குடும்பம் வேறு மாநிலத்துக்குப் போயிற்று. அவன் எழுத்துப் பயிற்சி ஏடு நெடுநாள் என் மேசையில் இருந்தது.

இதற்கும் முன்னர், 1950களில், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் மக்கள் வேலையும் வீடும் ஒருசேர இழந்தனர். அப்போதுதான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகச் செலுத்திய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பால்மரம் சீவிய கையால் என் தந்தையாரும் அப்பணத்தைக் கட்டினார். அவர்கள் நில முதலீட்டைத் தொடங்கியது பெரும்பணம் ஈட்டுவதற்காக அன்று. தங்களை எவரும் வெளியேற்றக் கூடாது என்பதற்காக.

ஆகவே அத்தாயாரிடம் மூன்று செய்திகளைச் சொன்னேன். முதல் வீடு நீங்கள் குடியிருக்கும் வீடாக இருக்கட்டும். நிரந்தர உரிமையா, குத்தகையாயின் எத்தனை ஆண்டு மீதம் என்பதைப் பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள். ஆறு மாதத் தவணைக்கான பணத்தைத் தனியே வைக்காமல் இரண்டாவது வீட்டைப் பற்றி நினைக்காதீர்கள்.

மூன்றாவதை நான் பட்டுத்தான் கற்றேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, என் வீட்டில் குடியிருந்தவர் விடுதி வேலையை இழந்தார். பள்ளி செல்லும் இரு பிள்ளைகள். என்னிடம் சேமிப்பு இருந்தமையால் ஆறு மாதம் பாதி வாடகை வாங்க முடிந்தது. 2003இல் இருந்த நிலையில் நான் இருந்திருப்பின், அவர்களை வெளியேற்றியிருப்பேன். கணக்குத் தவறிய வீட்டுக்காரர் இரக்கமுள்ளவராக இருக்க விரும்பினாலும் இருக்க முடியாது. மற்றொரு பள்ளியில் மற்றொரு நாற்காலி காலியாகியிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை அத்தாயார் முன்பணம் கட்டவில்லை. இரு வாரம் கழித்து ஒரு தாளுடன் வந்தார். பள்ளிக்கு அருகில், குடியிருப்பதற்காக, பழைய வீடொன்றைப் பார்த்திருக்கிறார்கள். பராமரிப்புக் கட்டணம் முதல் வழக்கறிஞர் கட்டணம் வரை வரிசையாக எழுதப்பட்டிருந்தது.

"மகள்தான் கூட்டிப் பார்த்தாள், ஐயா" என்றார்.

நானும் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். விடை சரியாக இருந்தது.