மாமா, நான், ஒரு ரிவால்வர்!

சினிமாவில் துப்பாக்கியோடு ஊர் விட்டு ஊர் போவது ரொம்ப சுலபம். இடுப்பில் சொருகு, கோட்டை இழுத்து மூடு, காரில் ஏறு. அடுத்த ஷாட்டில் மும்பை கடற்கரை. செக்போஸ்ட், போலீஸ், கலெக்டர் ஆபீஸ் எதுவும் குறுக்கே வராது. நிஜத்தில் என் தாய்மாமாவின் ரிவால்வர் சாயல்குடியிலிருந்து கொல்லம் போய்ச் சேர எட்டு மாதம் ஆயிற்று. கார் ஓடியது என்னவோ ஒரே ஒரு பகல்தான். மீதி நாளெல்லாம் ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது.

மாமாவைப் பற்றி முதலில். சாயல்குடியில் கருப்பட்டி மண்டி. எங்கள் பக்கம் வானம் பொய்த்தாலும் பனை பொய்க்காது என்பதால் மண்டி ஓரளவு ஓடியது. 1998-ல் வசூல் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டை ரோட்டில் ராத்திரி நேரம் வர வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலங்காடு. நடுவில் ஒரு டீக்கடை வெளிச்சம்கூட இருக்காது. மாமா மனுப் போட்டார். விசாரணை எல்லாம் முடிந்து கலெக்டர் லைசென்ஸ் கொடுத்தார். கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர், ஆறு குண்டு போடலாம்.

(இங்கே சினிமா ரசிகர்களுக்கு ஒரு தகவல். ஹீரோக்கள் ஸ்டைலாகச் சுழற்றுகிற 9 எம்.எம். பிஸ்டல், .38 ரிவால்வர் எல்லாம் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ரகம். சாதாரணப் பொதுஜனத்துக்குக் கிடைக்காது. .32 மாதிரி சிலதுதான் நமக்கு. ஆக, அந்த ஹீரோவை முதல் ரீலிலேயே உள்ளே தள்ளலாம். படமும் சீக்கிரம் முடியும்.)

அந்த ரிவால்வர் இத்தனை வருஷத்தில் ஒரு காக்காயைக்கூட சுட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் ஆயுத பூஜைக்கு சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்காரும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்குப் போகும். பார்லிமென்ட், சட்டசபை, உள்ளாட்சி என்று எது வந்தாலும் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அத்தனை ரசீதையும் மாமா ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார். யார் ஆட்சியை யார் பிடித்தார்கள் என்று கேட்டால் ஞாபகம் இருக்காது. எந்த ஏட்டையா ரசீது எழுதினார் என்று சொல்லிவிடுவார்.

அத்தை காலமான பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. மாமாவுக்கு ஒரே மகள், எனக்கு மதினி முறை. கொல்லத்தில் இருக்கிறார். மதினியின் வீட்டுக்காரருக்கு அங்கே முந்திரி கம்பெனியில் கணக்கு வேலை. “அப்பா, தனியா கெடந்து என்ன செய்யப் போறீக? இங்கிட்டு வந்துருங்க” என்று போன் மேல் போன். மாமாவின் பதில் ஒன்றே ஒன்றுதான்:

“வாரேம்மா. ஆனா துப்பாக்கிய என்ன செய்யுறது?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. லைசென்ஸில் ‘செல்லுபடியாகும் பகுதி’ என்று ஒரு கட்டம் உண்டு. சிலருக்கு அதில் மாவட்டம் மட்டும் இருக்கும், சிலருக்கு மாநிலம், கொடுத்துவைத்த சிலருக்கு இந்தியா முழுவதும். மாமாவின் கட்டத்தில் தமிழ்நாடு. அதாவது புளியரை வரை அவர் லைசென்ஸ் உள்ள கௌரவமான வியாபாரி. எல்லைக் கோட்டைத் தாண்டி ஒரு அடி வைத்தால் அதே மாமா, அதே வேட்டி, அதே ரிவால்வர்... ஆனால் கேஸ்! ஜெயில் வரைக்கும் போகலாம்.

ஆபீஸில் எவனும் கண்டுகொள்ளாத என் பி.காம். பட்டம் சொந்தக்காரர்கள் மத்தியில் மட்டும் பெரிய படிப்பு. “மாப்ள, சட்டத்தைப் பாத்துச் சொல்லு” என்றார் மாமா. பார்த்தேன். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், 2016-ம் வருஷத்து ஆயுத விதிகள். வழிகள் இல்லாமல் இல்லை. லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடம் ஒப்படைத்து வைக்கலாம். இல்லாவிட்டால் வாரிசுக்கு மாற்றலாம். எழுபது வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயரில் லைசென்ஸ் கேட்க விதி இடம் கொடுக்கிறது. மாமாவுக்கு வயது எழுபத்தொன்று. துப்பாக்கிக்கு வெள்ளி விழா. இரண்டு கணக்கிலும் டிஸ்டிங்ஷனில் பாஸ்!

மதினியிடம் போனில் சொன்னேன். “எனக்கு எதுக்கு அந்த எழவு? கேஸ் அடுப்பைப் பத்த வைக்கவே எனக்குப் பயம்” என்றார். மாமாவும் வாரிசு பேச்சைக் காதில் வாங்கவில்லை. “நான் இருக்கையிலேயே எழுதிக் குடுக்கணுமா?” என்றார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு நான் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

மீதி இருந்தது ஒரே வழி. கட்டத்தில் கேரளாவையும் சேர்க்கச் சொல்லி மனு. நானே எழுதிக் கொடுத்தேன். கலெக்டர் அலுவலகம், அங்கிருந்து போலீஸ் விசாரணை, திரும்ப அலுவலகம், மேலே, கீழே. மாமா மாதம் ஒருமுறை ராமநாதபுரம் பஸ் ஏறி, உற்சாகமாகப் போய், “இன்னும் வரலையாம்!” என்று அதைவிட உற்சாகமாகத் திரும்பி வருவார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. இந்த மனுஷன் அனுமதி கேட்கப் போகிறாரா, வராமல் இருக்க வேண்டிக்கொள்ளப் போகிறாரா? வசூலெல்லாம் இப்போது ஜிபேயில் வந்து விழுகிறது. காவல் காக்கப் பணமே இல்லை. ஆனாலும் மகள் கூப்பிடும்போதெல்லாம் அந்த ரிவால்வர்தான் மாமாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

2024 பிப்ரவரியில் அனுமதி வந்துவிட்டது. ‘தமிழ்நாடு, கேரளா’. கட்டத்தைப் பார்த்த மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “ம்... குடுத்துட்டானுகளா?” என்றார். சாயல்குடி பஸ் ஸ்டாண்டில் வரன் தட்டிப் போன மாப்பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

மார்ச் முதல் வாரம் கிளம்பினோம். என் ஆல்ட்டோ, நான் டிரைவர். பின்சீட்டில் இரண்டு பெட்டி, கருப்பட்டிச் சிப்பம், அத்தையின் போட்டோ. மாமாவின் மடியில் ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் உறையில் காலி ரிவால்வர். குண்டுகள் தனியாக ஒரு சுருக்குப் பையில். லைசென்ஸ் சட்டைப் பையில், ஜெராக்ஸ் இரண்டு என்னிடம். பொது இடத்தில் கைத்துப்பாக்கி வெளியே தெரியாமல் உறையில் மூடி இருக்க வேண்டும், ஆட்டிக் காட்டக் கூடாது.

இதெல்லாம் சரி. எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தது டீ!

எட்டயபுரத்தில் வண்டியை நிறுத்தினோம். மாமா பையை வைத்துவிட்டு ஒதுங்கிவிட்டு வரலாம் என்று இறங்கினார். “மாமா, பை!” என்று கத்தினேன். லைசென்ஸ் அவர் பேரில்தான். அவர் அந்தப் பக்கம் போய்விட்டால், காரில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் நான் யார்? லைசென்ஸ் இல்லாத ஆசாமி! சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. உரிமையாளர் கூட இருந்தாலோ, எழுதிக் கொடுத்தாலோ, ரிப்பேருக்கும் லைசென்ஸ் புதுப்பிக்கவும், அவர் உபயோகத்துக்காகவும் இன்னொருவர் எடுத்துப் போகலாம். ‘ஒண்ணுக்குப் போகையில்’ என்று அதில் எங்கேயும் இல்லை. ஆகவே ரிவால்வரும் கூடவே போயிற்று. கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கும்போது கூடவே வந்தது. சங்கரன்கோவிலில் சாப்பிடும்போது மாமா மடியிலேயே இருந்தது. சப்ளையர், “பெருசு, பையை கீழ வைங்க, யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாக” என்றான். மாமா என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன்.

எட்டயபுரம் தாண்டும்போது நான் படித்ததை எடுத்து விட்டேன். 1801-ல் பாளையக்காரர் போர் ஓய்ந்த கையோடு, சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் இந்தத் தெற்குச் சீமைக்காரர்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளவே தடை போட்டார். 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் நாடு முழுக்க ஆயுதச் சட்டம்.

“அப்பயிருந்தே நம்மாளு மேல ஒரு கண்ணு” என்றார் மாமா பெருமையாக.

செங்கோட்டையில் வாஞ்சிநாதன் சிலை. ஊர் செங்கோட்டை, வேலை புனலூர் காட்டிலாகாவில். இரண்டுமே அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். (செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்தான்.) சுடப் பழகியது பிரெஞ்சுக்காரன் கையிலிருந்த புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். 1911 ஜூன் 17 அன்று பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால் கலெக்டர் ஆஷைச் சுட்டது மணியாச்சி ஜங்ஷனில், வெள்ளைக்காரன் மாகாணத்தில். மூன்று சர்க்கார் எல்லையைத் தாண்டின கதை அது.

மாமா யோசித்தார். “அவருக்கு லைசென்ஸ் எந்தக் கலெக்டர் குடுத்திருப்பாரு?”

“மாமா, அவர் சுட்டதே கலெக்டரை!”

“அதுஞ்சரி” என்று பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

புளியரை ‘எஸ்’ வளைவு ஏறும்போது எனக்குக் கை வேர்த்தது. எல்லாக் காகிதமும் சரியாக இருக்கிறது என்று புத்திக்குத் தெரிகிறது, ஸ்டியரிங்குக்குத் தெரியவில்லையே! மாமா நிதானமாகச் சொன்னார்: “மாப்ள, நீ வாயத் தொறக்காத. மொதல்ல காகிதம். அப்புறம் பேச்சு. கை கடேசி.”

ஆரியங்காவில் நிறுத்தினார்கள். கஞ்சா, சாராயம் தேடுகிற சோதனை. ஓர் இளம் அதிகாரி ஜன்னலில் குனிந்து, “பேக்கில் எந்தா?” என்றார்.

மாமா பையைத் தொடவே இல்லை. இரண்டு கையும் முழங்கால் மேல். “லைசென்ஸ் இருக்குங்க சார், சட்டைப் பையில. எடுக்கட்டுமா?” என்றார். ‘துப்பாக்கி’ என்ற வார்த்தையே வரவில்லை. காகிதத்தைப் படித்த பிறகுதான் அதிகாரியின் புருவம் ஏறியது. எங்களை இறங்கச் சொல்லி, பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டார். துப்பாக்கியின் நம்பரையும் லைசென்ஸ் நம்பரையும் ஒத்துப் பார்த்தார்கள். கட்டத்தைப் பார்த்தார்கள். குண்டுகளை எண்ணினார்கள். நான் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாத ஆடிட்டர் மாதிரி நின்றேன். டேலி ஆயிற்று.

பெரியவருக்கு நல்ல தமிழ். “எங்க போறீங்க?”

“மக வீட்டுக்குங்க.”

“மக வீட்டுக்கா? இதோடயா? மருமகன் சரியில்லையோ?”

அத்தை இறந்த பிறகு மாமா வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அமெரிக்காவில் இப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது. அங்கே துப்பாக்கி மலிவு, சட்டம் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அதனால் 1986-ல் ஒரு மத்தியச் சட்டம் போட்டார்கள். புறப்படுகிற இடத்திலும் போய்ச் சேருகிற இடத்திலும் உங்களுக்கு உரிமை இருந்தால், குண்டு போடாமல், கை எட்டாமல், டிக்கியில் வைத்து நடுவில் எந்த மாநிலத்தையும் கடக்கலாம். 2013-ல் பென்சில்வேனியாவில் லைசென்ஸ் வைத்திருந்த ஒரு பெண்மணி காரில் நியூஜெர்சிக்குள் போனார். போலீஸ் நிறுத்தியதும் தானாகவே, “துப்பாக்கி இருக்கிறது, இதோ லைசென்ஸ்” என்றார். அந்த லைசென்ஸ் நியூஜெர்சியில் செல்லாது. கைது! வருஷக்கணக்கில் ஜெயில் என்று தலைக்கு மேல் கத்தி தொங்கி, 2015-ல் கவர்னர் மன்னிப்பு கொடுத்த பிறகுதான் அவர் மூச்சு விட்டார். நம் நாட்டில் ஆயுதம் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் சட்டம் ஒன்றுதான். லைசென்ஸில் உள்ள அந்த ஒரு கட்டம்தான் ஆளுக்கு ஆள் வேறு. எனக்கு நம் ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது. கட்டத்தை நிரப்ப எட்டு மாதம் ஆகிறதே என்பது தனி வயிற்றெரிச்சல்.

கொல்லத்தில் மதினி ஆரத்தியோடு நின்றார். பையைப் பார்த்ததும் தட்டு ஆடியது. “பீரோவில் என் நகைக்குப் பக்கத்துல வைக்கக் கூடாது” என்பது முதல் கண்டிஷன். மாமா மறுநாளே காகிதங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீடு மாறினால் பழைய ஊர், புதிய ஊர் இரண்டு இடத்து அதிகாரிகளுக்கும் தகவல் சொல்ல வேண்டும். புது ஊர், புரியாத எழுத்து. ஆனாலும் அந்த ஃபைலோடு போனபோது மாமாவுக்கு நடையில் ஒரு மிடுக்கு இருந்ததாம்.

வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 16-ம் தேதி பார்லிமென்ட் தேர்தலை அறிவித்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளாவுக்கு 26. லைசென்ஸ்தாரர்கள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று மாமாவுக்கும் தகவல் வந்தது. எட்டு மாதம் மனுப் போட்டு, எல்லை தாண்டிக் கொண்டுபோன ரிவால்வர் நேரே ஸ்டேஷனுக்கு! எனக்குப் போன் போட்டார். புலம்பப் போகிறார் என்று தயாரானேன்.

“மாப்ள, இங்க ரசீது மலையாளத்துல குடுத்திருக்காக. நல்லாத்தான் இருக்கு” என்றார்.

ஜூன் 4-ம் தேதி ஓட்டு எண்ணி முடித்தார்கள். துப்பாக்கியைத் திரும்ப வாங்கி வரலாமா என்று மதினியின் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். அப்போது பேரனுக்கு விசிறி மட்டையில் பனையோலைக் காற்றாடி செய்துகொண்டிருந்த மாமா, “இருக்கட்டும், என்ன அவசரம்?” என்றாராம். அப்புறம் ஸ்டேஷனிலிருந்தே போன் பண்ணிக் கூப்பிட்டுத்தான் போய் வாங்கி வந்திருக்கிறார்.