தீர்வை கட்டாதவர்கள்

விழுப்புரத்துக்காரர் பூர்வீகம் தேடிப் புறப்பட்டால் முதலில் பழைய ஜில்லாவைப் பிடிக்க வேண்டும். விழுப்புரம் தனி மாவட்டமானதே 1993-இல்தான். அதற்கு முந்தைய காகிதங்களைத் தென்னாற்காடு என்ற பெயரில் கடலூரில் தேடலாம். இன்னும் பழையவற்றுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம்.

காந்தி இர்வின் சாலையில் இருக்கும் அந்தச் செங்கல் கட்டடத்தில் அனுமதி வாங்கி, சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருந்தால் கட்டு வரும். திண்டிவனம் தாலுகாவில் எங்கள் ஊரின் செட்டில்மென்ட் ரிஜிஸ்டரைப் பிரித்தேன். சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, எந்த ஏரிப் பாய்ச்சல், மண்ணின் தரம், தீர்வை, கடைசியில் பட்டாதாரர் பெயர். அப்பா வழிக் கொள்ளுத்தாத்தா அங்கே இருந்தார். கூட்டுப் பட்டாவில் அவருக்கு ஒரு தம்பி! அந்தப் பெயரைப் பிற்பாடு யாரோ சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். அப்படியொருவர் பிறந்ததே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்றைய கணினிச் சிட்டாவில் அடித்த பெயருக்கு ஏது இடம்? மூலத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அம்மா வழியில் தேடினேன். ஒரு வரி இல்லை. அவர்கள் கூலிக்குப் பாடுபட்டவர்கள். தீர்வை கட்டாதவர்களின் பெயர் அந்த ரிஜிஸ்டருக்குத் தேவைப்படவில்லை.

இதே தென்னாற்காட்டிலிருந்து கப்பலேறியவர்களின் கதை வேறு. 1860 தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கும், 1903 முதல் 1916 வரை ஃபிஜிக்கும் சென்னைத் துறைமுகம் வழியாகப் போன ஒப்பந்தக் கூலிகளின் விவரம் ஆள்வாரியாக எழுதப்பட்டது: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை. ஆளை அடையாளம் காண எழுதியதுதான், அன்பினால் அல்ல. ஆனாலும் டர்பனிலோ சுவாவிலோ பிறந்த கொள்ளுப்பேத்தி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இன்று ஊர் தேடி வர முடியும். கப்பலேறாமல் இங்கேயே நடவு நட்டுச் செத்த அக்காளுக்குத் தாளே இல்லை. எனக்கு இது ஆறவில்லை.

மிஞ்சியிருப்பது பிறப்பு இறப்புப் பதிவேடு. கிராம முன்சீப் எழுதியது. நிலம் உண்டா என்று சாவைக் கேட்டு எழுதுவதில்லை. ஆயாவின் அம்மா பேதியில் போனார் என்பார்கள். வருஷம் தெரியாது, மாசி மகம் கழிந்து என்று மட்டும் சொல்லக் கேள்வி. மாசி, பங்குனிப் பக்கங்களை வருஷவாரியாகப் பார்க்க அனுமதி கேட்டுத் திண்டிவனத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.