ஒரு பட்டை கூடுதல்

போன வாரம் ஆபீஸில் ஒரு பையன் வந்து நின்றான். மாமாவோட பழைய அம்பாசடரை வாங்கியிருக்கானாம். "சார், பின்னாடி ரொம்ப உக்காருது. ரெண்டு பக்கமும் ஒரு பட்டை சேத்துப் போட்டா தூக்கிடும்னு கேரேஜ்ல சொல்றாங்க. நீங்களும் போட்டீங்களாமே?"

போட்டேன் ராசா, போட்டேன். அவனுக்கு டீக்கடையில் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்றேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும், பொறுத்துக்குங்க.

2006-ல கல்கத்தாவில் எங்க வண்டி வந்தது. 1988 மாடல் அம்பாசடர். ரிட்டயர் ஆகி ஊருக்குக் கிளம்பின ஒரு சீனியர்கிட்ட வாங்கினேன். தங்கமணிக்குப் பிடிக்கவே இல்லை. "ஊரே மாருதில போகுது, இவருக்கு மட்டும் மந்திரி வண்டி" என்று ஒரு வாரம் முறைப்பு. ஆனா உத்தர்பாராவுல செஞ்ச வண்டியை அந்த ஊர்லயே ஓட்டறதுல ஒரு சுகம் இருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் எதுவானாலும் மல்லிக் பஜார் போனா கிடைக்கும். தெரு மூலைக்கு ஒரு மிஸ்திரி. அவங்களை மரியாதையா 'தாதா'ன்னு கூப்பிடணும். நம்ம ஊர்ல அப்படிக் கூப்பிட்டா அர்த்தமே வேற, ஹி ஹி.

வண்டியில் ஒரே குறை, பின்பக்கம். பின் சீட்டில் மூணு பேரு உக்காந்து டிக்கியில் ரெண்டு பெட்டி வெச்சா, வண்டி முட்டி போட்ட யானை மாதிரி ஆயிடும். டிராம் தண்டவாளத்துல ஏறி இறங்கும்போது டயர் மட்கார்டில் 'சர்ர்'னு உரசும். எதிர்ல வர்றவன் லைட்டு கண்ணுல அடிக்குதுன்னு திட்டுவான். இருபது வருஷம் பாரம் சுமந்த ஸ்பிரிங் களைச்சுப் போச்சு, அவ்வளவுதான்.

அம்பாசடரில் முன்னாடி டார்ஷன் பார், பின்னாடி பட்டை ஸ்பிரிங். ஜட்கா வண்டிக் காலத்து சமாச்சாரம். நீளமா ஒரு மெயின் பட்டை, அதுக்குக் கீழே ஒண்ணைவிட ஒண்ணு குட்டையா அடுக்கின பட்டைகள், நடுவுல ஒரு போல்ட்டு, அச்சோட சேத்துக் கட்ட யூ போல்ட்டு. கம்ப்யூட்டர் கிடையாது, கண்ராவி கிடையாது. பாரத்தையும் தாங்கும், அச்சையும் பிடிச்சு வெச்சுக்கும்.

2010 கடைசியில், அப்பா அம்மா மானாமதுரையிலிருந்து வர்றாங்க என்றதும் எனக்குக் கை அரிக்க ஆரம்பிச்சது. எல்லாரையும் தீகாவுக்குக் கூட்டிட்டுப் போகணும், வண்டி ஜம்முன்னு நிக்கணும். கேரேஜ்காரர் ரெண்டு வழி சொன்னார். ஷேக்கிளை நீளமாப் போடலாம், இல்ல பட்டை சேக்கலாம். ஷேக்கிளை ரெண்டு இஞ்ச் நீட்டினா வண்டி சுமார் ஒரு இஞ்ச்தான் தூக்கும், பாதி வேஸ்ட். பட்டையே போடுங்க தாதான்னு நானே மல்லிக் பஜார் போய் ஜோடிப் பட்டை வாங்கிட்டு வந்தேன். ஏதோ ஜீப்புல இருந்து கழட்டினது. நல்லா கெட்டியா இருக்கே, காலத்துக்கும் உழைக்கும்னு பெருமை வேற.

மாட்டினதும் வண்டி நிமிர்ந்துடுச்சு. அசிங்கமா ஒரு போட்டோ கூட எடுத்துக்கிட்டேன், பக்கவாட்டிலிருந்து.

2011 ஜனவரி. காலைல அஞ்சரைக்குக் கிளம்பினோம். வித்யாசாகர் சேது தாண்டி, கோலாகாட்டில் டீ, நந்தகுமார், காந்தி, தீகா. கிட்டத்தட்ட 185 கிலோமீட்டர். நான் ஸ்டியரிங்கில், அப்பா பக்கத்தில். தங்கமணி, பொண்ணு, அம்மா பின்னாடி. எனக்கு வண்டி பிரமாதமா போன மாதிரிதான் இருந்தது. வளைவுல சாயலை, எங்கேயும் உரசலை. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் பின்னாடி 'ணங்'குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். நந்தகுமார் தாண்டினப்புறம் அம்மா பேச்சை நிறுத்திட்டாங்க. தூங்கறாங்கன்னு நெனச்சேன்.

அன்னிக்கு ராத்திரி லாட்ஜில் தைல வாசனை. அம்மா கவுந்து படுத்திருக்க, தங்கமணி இடுப்பைத் தேச்சு விட்டுக்கிட்டு இருந்தா. "ஒண்ணுமில்லப்பா, எனக்கு வயசாயிடுச்சு, இனிமே பிரயாணம் ஒத்துக்காது" என்றாங்க. கடலை ஜன்னல்லேர்ந்துதான் பாத்தாங்க. திரும்பி வந்தப்புறம் தக்ஷிணேஸ்வரம் போகலாம்னா, "நீங்க போயிட்டு வாங்கப்பா". லேக் மார்க்கெட் வரைக்கும்னா கூட, "நான் நடந்தே வரேன்". ஊருக்குப் போனப்புறமும் அதே பல்லவி. மதுரையில் ஒரு கல்யாணம், பஸ்சுக்கு பயந்துகிட்டுப் போகலையாம். ஒரு பொம்பளை அறுபத்தி நாலு வயசுல 'நான் கெழவி'ன்னு முடிவு பண்ணிட்டா. நானும் அப்படித்தான்னு நம்பிட்டேன்.

2012-ல யூ போல்ட்டு லூஸ் ஆச்சுன்னு வேற ஒரு மிஸ்திரிகிட்ட போனேன். எழுபதைத் தொட்ட பெரியவர். அடியில் படுத்துப் பாத்துட்டு வெளிய வந்து, "கெரகம், இது என்ன, செங்கல் லாரியா?" என்று வங்காளத்தில் கேட்டார். ஒரு வெர்னியரை என் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார். பழைய பட்டை ஏழும் ஆறு மில்லி. நான் சேத்தது எட்டு மில்லி.

ரெண்டு மில்லிதானேன்னு நான் கேட்டிருக்கக் கூடாது. படிச்ச இன்ஜினியர் வேற. பட்டையோட விறைப்பு தடிமனோட கனத்துக்குக் கூடும், அதாவது மூணு தடவை பெருக்கணும். ஆறுக்கு 216, எட்டுக்கு 512. அகலமும் நீளமும் ஒண்ணுன்னா, நான் போட்ட ஒரே பட்டை கிட்டத்தட்ட ரெண்டரைப் பட்டைக்குச் சமம். ஏழு இருந்த இடத்துல ஒம்பதரை. மூணுல ஒரு பங்கு விறைப்பு கூடிப்போச்சு. காலேஜ்ல பரீட்சைக்கு எழுதின கணக்குதான், ஃபார்முலாவை டிபன் பாக்ஸ் மாதிரி காலேஜ்லயே வெச்சுட்டு வந்துட்டேன் போல. பின் சீட்டு கிட்டத்தட்ட அச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கு. ஒவ்வொரு 'ணங்'கும் நேரா யார் முதுகுல இறங்கிச்சுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர் சொன்ன விஷயம் ரொம்ப சிம்பிள். வண்டி உக்காந்துடுச்சு என்பது ஒரு வியாதி, ஸ்பிரிங் பலம் போதலை என்பது வேற வியாதி. எங்க வண்டிக்கு வளைவுதான் போயிருந்தது. வளைவைக் கொடுக்கறதுக்கு பதிலா நான் பலத்தைக் கொடுத்தேன். தினமும் செங்கல் ஏத்தறவனுக்குக் கூடுதல் பட்டை சரி. அம்மாவை ஏத்தறவனுக்கு இல்லை.

கட்டைப் பிரிச்சா உள்ளே எல்லாப் பட்டையும் துருவில் ஒட்டிக்கிட்டு இருந்தது. பட்டைங்க ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கினாத்தான் சின்ன மேடு பள்ளத்துக்கு அசையும். ஒட்டிக்கிட்டா மொத்தமும் ஒரே இரும்புக் கட்டை. எட்டாவதைத் தூக்கிப் போட்டுட்டு, மத்ததை கமானி பட்டறைக்கு அனுப்பினார். நானும் கூடப் போய் உக்காந்தேன். உலையில் சிவக்கக் காய்ச்சி, அச்சுக்கு வளைச்சு, எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமா சூடு காட்டி ஆற விட்டாங்க. எங்க ஊருக்குப் பக்கத்துல திருப்பாச்சேத்தியில் இதே மாதிரி வண்டிப் பட்டையைத்தான் அடிச்சு அரிவாள் ஆக்குவாங்க. அந்த எண்ணெய்ப் புகை வாசனையில் ஒரு நிமிஷம் நான் எங்கே இருக்கேன்னே மறந்துபோச்சு. சில இடத்துல குளிர்ந்த பட்டையையே சுத்தியலால் தட்டி வளைச்சுக் கொடுப்பாங்களாம். நாலு மாசத்துல மறுபடி உக்காந்துடும் என்றார் பெரியவர்.

கம்பி பிரஷ் போட்டுத் துருவெடுத்து, கிராஃபைட் கிரீஸ் தடவி மாட்டினார். ஷாக் அப்சார்பரும் புதுசு. புஷ் போல்ட்டை மட்டும் ஜாக்கில் இருக்கும்போது இறுக்கலை. வண்டியை இறக்கி, நாலு சக்கரத்தில் நின்ன பிறகுதான் இறுக்கினார். தூக்கி வெச்சு இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடந்து சீக்கிரம் கிழியும். ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வா, யூ போல்ட்டை மறுபடி பாக்கணும் என்றார். பழைய உயரத்தைவிட ஒண்ணரை இஞ்ச் கூடுதல். ஜீப் பட்டை போட்டப்போ வந்த உயரம் வரலை. வேண்டாம்.

ஆபீஸ் பையன் எல்லாம் கேட்டுட்டு, "அப்போ செலவு ஜாஸ்தியா சார்?" என்றான். ஜாஸ்திதாம்ப்பா. 2014 மே மாசம் உத்தர்பாராவில் உற்பத்தியே நின்னுபோச்சு, இனி இதெல்லாம் தேடிப் பிடிச்சுத்தான் செய்யணும். பட்டறையைக் கண்டுபிடி, முதல்ல உன் பட்டையை அள.

2013 பொங்கலுக்கு அப்பா தனியா வர்றதா இருந்தது. அம்மாவை நான் போய்க் கெஞ்சி ரயிலில் கூட்டிட்டு வந்தேன். ஹௌரா ஸ்டேஷனில் வண்டியைப் பாத்ததும் முகம் சுருங்கிச்சு. ஒண்ணும் சொல்லாம ஏறி, தலகாணியை முதுகுக்கு வெச்சுக்கிட்டாங்க. பாலம் தாண்டி, டிராம் தண்டவாளம், பள்ளம், தோண்டிப் போட்ட ரோடு. கண்ணாடியில் பாத்துக்கிட்டே ஓட்டினேன். ரவீந்திர சதன் வரும்போது தலகாணி மடியில் இருந்தது.

"ஏப்பா, ரோடெல்லாம் புதுசாப் போட்டுட்டாங்களா?" என்றாங்க.

"ஆமாம்மா" என்றேன்.