தண்ணீர் நின்றும் தாகம்: வேதாரண்யம் கரையோர வயல்கள்

நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி, திருப்பூண்டி வழியாகத் தெற்கே போனால் முதலில் நெல் வயல்கள், பிறகு சவுக்கும் தென்னையும். வேதாரண்யம் தாண்டியதும் அகஸ்தியன்பள்ளி உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று விரிகின்றன. கடலும் கழனியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பூமி இது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலை இந்தக் கரையோர வயல்களிலும் புகுந்தது. வயலில் தண்ணீர் நின்றது. பயிரோ வாடிக் கருகியது. இன்றும் உப்பேறிய போர் தண்ணீர் பாய்ச்சும் தோட்டங்களில் இதே காட்சியைப் பார்க்கலாம்.

காரணம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டால் மறுநாள் துண்டுகள் சுருங்கி, ஜாடியில் நீர் விட்டிருக்கும். உப்பு அதிகமுள்ள பக்கம் தண்ணீரை இழுக்கிறது. இதுதான் சவ்வூடு பரவல். வேர் செல்லுக்குள் இருக்கும் சாற்றைவிட மண்ணின் நீரில் உப்பு குறைவாக இருந்தால்தான் தண்ணீர் வேருக்குள் போகும். மண்ணில் உப்பு கூடக்கூட, அந்த நீரின் 'நீரியல் திறன்' குறைகிறது; வேரால் உறிஞ்ச முடியாது. கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. நெல் எப்படித் தாங்கும்?

ஆனால் மேற்கே முத்துப்பேட்டை சதுப்பில் அலையாத்தி மரம் உப்பு நீரிலேயே பசுமையாக நிற்கிறது. அது வேரிலேயே பெரும்பகுதி உப்பைத் தடுக்கிறது. மீறி வந்ததை இலை வழியே வெளியேற்றுகிறது. செல் சாற்றையும் கடல் நீரைவிட அடர்த்தியாக வைத்துக்கொள்கிறது. இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும்.

உப்பு நிலத்தில் பயிர் வாடும்போது மேலும் உப்புத் தண்ணீர் பாய்ச்சுவதும், யூரியா தூவுவதும் வழக்கம். இரண்டும் கேடு. கரைந்த உரமும் உப்பைப் போலவே நீரைப் பிடித்துவைக்கும்.

இந்த மண்ணுக்கு மருந்து மழைதான். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் வரப்பை உயர்த்தி, வடிகாலைத் தூர்வார வேண்டும். மழைநீரைத் தேக்கி உப்பு கரைந்ததும் வடித்துவிட்டு, மறுபடி தேக்க வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். ஜிப்சம் எல்லா உப்பு நிலத்துக்கும் தேவையில்லை. களர் என்று மண் பரிசோதனை சொன்னால் மட்டும் போடலாம். உப்பைத் தாங்கும் குழியடிச்சான் போன்ற நெல் இப்பகுதிக்குப் பழக்கமானதுதான்.

அடுத்த முறை பயிர் வாடினால் மோட்டாரைப் போடுமுன், போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.