தாயும் முட்டையும் அங்கேயே இருக்கட்டும்

தேயிலை மலையில் வேலை செய்கிற நமக்குப் பாம்புப் பயம் புதிதல்ல. கொழுந்துக்குக் கை நீட்டும்போதும் பச்சை விரியன் இருக்குமோ என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறோம். அதனால் மண்ணுக்குள் எது நெளிந்தாலும் மண்வெட்டியை ஓங்கிவிடுகிறோம். அப்படி அடிபட்டுச் சாகிறவற்றில் பாம்பே அல்லாத ஒரு பிராணியும் உண்டு. அதைப் பற்றித்தான் சகோதரிகளோடு பேச விரும்புகிறேன்.

நீரிலும் நிலத்திலும் வாழ்பவற்றை ஈரூடகவாழிகள் என்று பிள்ளைகள் பாடசாலையில் படிக்கிறார்கள். தவளையும் தேரையும் அதில் ஒரு வகை. வாலும் நான்கு கால்களும் உள்ள சலமாண்டர் இன்னொரு வகை. டார்ஜிலிங் மலைகளில் அது உண்டு, இலங்கையில் இல்லை. மூன்றாவது வகைக்குக் காலே கிடையாது. சிசிலியன் என்பார்கள். இலங்கையில் இதன் மூன்று இனங்கள் இருக்கின்றன. மூன்றும் உலகில் வேறெங்கும் இல்லாதவை.

எங்கள் தோட்டம் வட்டவளைப் பக்கம். ஒரு மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து கான் அடைபட்டது. அன்றைக்கே வெட்டிவிடாவிட்டால் இரவில் தண்ணீர் காம்பராவுக்குள் வந்துவிடும். நாலைந்து பேர் சேர்ந்து வெட்டினோம். ஒரு மண்கட்டியோடு ஒரு அடி நீளத்தில் ஏதோ வந்து விழுந்தது. கரிய மேனி, பக்கவாட்டில் மஞ்சள் கோடு.

"பாம்பு! அடிங்கடி!" என்றார் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகள் ஓடிவந்து தடுத்தாள். "பெரியம்மா, பாருங்க. செதில் தெரியல. மண்புழு மாதிரி வளையம் வளையமா இருக்கு. இது தவளைக்குச் சொந்தம்."

மண் பெயர்ந்த இடத்தில் சிறு பொந்து தெரிந்தது. உள்ளே பாசிமணி கோத்ததுபோல முட்டைகள். 1880களில் இலங்கைக்கு வந்த சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் போல் சரசினும் பிரிட்ஸ் சரசினும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களாம். தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவல் இருக்கும். பொரித்த குஞ்சுகள் பக்கத்து நீருக்குப் போய் வளரும். பிறகு கரையேறி மண்ணுக்குள் வாழும்.

பெரியம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அதுவும் புள்ளைக்காரிதான். ஆனா தண்ணி உள்ள வந்தா நம்ம புள்ளைங்க எங்க படுக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. கடைசியில் கானை ஒரு முழம் தள்ளி வளைத்து வெட்டுவதென்று முடிவாயிற்று. கூடுதலாக அரை மணி நேரம் வேலை. தாயை ஈர மண்ணோடு தள்ளி முட்டைகளுக்குப் பக்கத்தில் விட்டு, இலையும் மண்ணும் தளர்வாக மூடினோம். அன்றிரவு தண்ணீர் காம்பராவுக்குள் வரவில்லை. பொந்தைக் கிளறிப் பார்க்கப் பிள்ளைகளையும் விடவில்லை.

சகோதரிகளே, நீங்களும் இதைக் காணலாம். எதுவென்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் தொடாமல் விலகி நில்லுங்கள். இதுதான் என்று தெரிந்தாலும் வெறுங்கையால் பிடிக்கவேண்டாம். தோல் வழியாகவும் சுவாசிக்கிற பிராணி இது. உப்பு, சவர்க்காரம், களைக்கொல்லி பட்ட கை எல்லாம் அதற்கு ஆகாது. அதன் மேனிப் பசையும் நம் கண்ணுக்கு ஆகாது. அகன்ற இலையால் ஈர மண்ணோடு அள்ளுங்கள். போத்தலில் அடைத்து வைக்காதீர்கள். குஞ்சு நீரில் வளர்ந்தாலும் வளர்ந்தது மண்ணில் வாழ்வது. ஆகவே ஆற்றில் வீசாதீர்கள். எடுத்த இடத்திலேயே, வெயில் படாமல், உடனே விடுங்கள். முட்டைகளைக் கண்டால் நகர்த்தாமல் மூடுங்கள். தாய் விலகிவிட்டால் அவை பிழைப்பது கடினம்.

அது நம் கொழுந்தையும் தின்பதில்லை, மரக்கறியையும் தின்பதில்லை. மண்புழு, கறையான் போன்றவற்றைத் தின்று மண்ணுக்கு அடியில் தன் பாட்டில் கிடக்கிறது. ஓங்கிய மண்வெட்டியை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்தால் போதும், ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும்.