ஓலைக்குடிசையும் எலும்பும்

சென்ற ஆண்டு பிரிக்பீல்ட்ஸிலுள்ள என் தமக்கையார் வீட்டில் அவர் மகளுக்குச் சடங்கு நடந்தபோது, தாய்மாமன் என்ற முறையில் ஓலை கொண்டுபோய்க் குடிசை கட்டியவன் நானே. அதுவரை பள்ளிக்கூட ஓட்டப் பந்தயங்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்த பெண் அவள். சடங்கோடு ஓட்டமும் நின்றது.

"பெரிய மனுஷியாகிவிட்டாள், தம்பி. வெயிலில் திரிந்து கறுத்துப்போனால் நாளைக்கு யார் வந்து கேட்பார்கள்?" என்றார் அக்கா. ஆங்கிலம் வழியே படித்தவன் என்று மார்தட்டும் நான் வாய் திறக்கவில்லை.

இவ்வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஊன்றிய கையின் மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட வைத்தியர், "பிள்ளை வெளியே விளையாடுவதுண்டா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். முறிவுக்கு இதுதான் காரணமென்று அவர் சொல்லவில்லை. என் மனமே சொல்லிற்று.

அன்பர்களே, எலும்பை நாம் செத்த கட்டை என்று எண்ணுகிறோம். அது உயிருள்ள பொருள். ஓடும்போதும் குதிக்கும்போதும் தன்மேல் விழும் அடியை ஏற்று ஏற்றுத் தன்னை உரமாக்கிக்கொள்வது. ஆயுள் முழுதும் நாம் செலவழிக்கும் எலும்புச் சேமிப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, பருவமடைதலை ஒட்டிய இரண்டே வருடங்களில் சேர்ந்துவிடுகிறது. பெண்களுக்கு அது 12, 13 வயது. ஆண்களுக்கு 14ஐ ஒட்டி. அதாவது, நாம் பெண்ணைக் குடிசைக்குள் உட்காரவைக்கும் அதே காலம்! கிள்ளான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணி நான். வரவு குவியும் மாதத்தில் பேரேட்டை மூடிவைப்பவனை எந்தத் துரை மன்னிப்பார்?

கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி, பால் இவற்றால் சுண்ணாம்புச்சத்து கிடைக்கும். ஆனால் அதை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதை வெயிலில்தான் தோல் உண்டாக்குகிறது. கறுத்த மேனிக்கு வெயில் சற்று அதிகமாகவே தேவை. மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2012இல் கோலாலம்பூர், சிலாங்கூர், பேராக் பள்ளிகளில் 13 வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, ஐந்தில் ஏறக்குறைய நால்வருக்கு அச்சத்துக் குறைவு. பெண்களிடமும், இந்தியரிடமும், நகரத்தாரிடமும் அக்குறைவு கூடுதலாய்க் காணப்பட்டது. வெயில் கொட்டும் நாட்டில், கறுப்புக்கு அஞ்சி நாம் தேடிக்கொண்ட வறுமை! பழைய தோட்டத்துப் பெண்கள் வெயிலில் கிடந்தார்களே என்பீர்கள். கிடந்தார்கள், அரைவயிற்றோடு. அதை நான் புகழவில்லை.

1965இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற எம். இராஜாமணியும் நம் பெண்தான் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "அது வேறு, தம்பி" என்றார்.

கட்டுப் பிரித்து, வைத்தியர் அனுமதி தந்தபின், பிள்ளைக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுத்தேன். கீழ்வீட்டார் சத்தமென்று முறையிடுவதாக அக்கா சொன்னார். "அப்படியானால் திடலுக்குப் போகட்டும்" என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

போன ஞாயிறு மாலை நான் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. இறங்கித் திடலுக்கு வந்தேன். பிள்ளை ஓடிக்கொண்டிருந்தாள். அக்கா ஓரத்து மேடையில், குடையை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.