அருவி முன் உணர்ந்தது

பென்னாகரம் வழியாக ஒகேனக்கலுக்குச் சென்றிருக்கிறீர்களா? கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்றால் பாறை. பாறைகளில் மோதிச் சிதறும் காவிரி, தொலைவிலிருந்து காண்போர்க்குப் புகையாகவே தோன்றும். எண்ணெய் தேய்த்துவிடுவோர் அழைப்பைக் கடந்து பரிசல் துறையை அடைவதே பெரும்பாடு!

மதரஸா மாணவர்களுடன் பரிசலில் அருவியை நெருங்கினோம். பேரிரைச்சலில் ஒருவர் பேச்சு மற்றவர்க்குக் கேட்கவில்லை. பரிசல்காரர் கையசைத்து ஏதோ சொன்னார், நாங்கள் விழித்தோம். ஒரு சிறுவன் மட்டும் உடனே புரிந்துகொண்டு நடுப்பக்கம் நகர்ந்தான். அருகிலிருந்தோரையும் இழுத்து அமர்த்தினான். வகுப்பில் கடைசி வரிசைக்காரன். அழைத்தால் திரும்பமாட்டான். கவனமற்றவன் என்று நான் பலமுறை கடிந்துகொண்டவன். முகத்தையும் கையையும் பார்த்தே அவன் காலந்தள்ளி வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஊர் திரும்பியதும் பரிசோதித்ததில், நாட்பட்ட சீழால் இரு காதுகளிலும் கேட்கும் திறன் குறைந்திருந்தது. குழந்தைகளின் செவிக்குறைபாட்டில் ஏறத்தாழ 60 விழுக்காடு தவிர்க்கக்கூடிய காரணங்களால் வருவதே என 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் தெரிவித்தது. ஒகேனக்கல் எண்ணெய் உடம்போடு நிற்கட்டும். சீழ் வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது அவன் முதல் வரிசையில், என் முகத்துக்கு நேரே அமர்ந்து ஓதுகிறான்.